கேஸ் மாத்திரைக்கு முன்னால் ஒரு பரிசோதனை

போடிநாயக்கனூரில் வயிற்றெரிச்சலுக்கு முதல் வைத்தியம் பெரும்பாலும் மருந்துக்கடை வாசலில் நடக்கிறது. "நெஞ்சைக் கரிக்குது, ஒரு கேஸ் மாத்திரை குடுங்கண்ணே" என்றால் பான்டோபிரசோலோ ஒமிபிரசோலோ ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். விடியலில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரிடம் காத்திருப்பதைவிட இது சுலபம். எரிச்சலும் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். அட்டை தீர்ந்ததும் மறுபடி தொடங்கும். மறுபடி ஓர் அட்டை வாங்குவார்.

இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. எரிச்சலுக்குக் காரணம் இரைப்பையில் குடியிருக்கும் பாக்டீரியா என்றால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதை ஒழிக்காது. இது பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். அடுத்தது அதிகம் பேருக்குத் தெரியாது. அதே மாத்திரை கிருமியைப் பரிசோதனையின் கண்ணிலிருந்தும் மறைத்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது பரிசோதித்தால், கிருமி இருந்தாலும் 'இல்லை' என்று முடிவு வரலாம். ஆகவே எந்த மாத்திரை என்பதற்கு முன் எது முதலில் என்ற கேள்வி வருகிறது. முதலில் பரிசோதனை, அடுத்து மருந்து, கடைசியில் மீண்டும் ஒரு பரிசோதனை. இந்த வரிசை பிசகும்போதுதான் ஒரே வயிற்று வலி பத்து வருஷம் இழுக்கிறது.

அமிலத்துக்குள் வாழும் கிருமி

இரைப்பைச் சாறு கடுமையான அமிலம். சோற்றோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் செத்துப்போகும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா மட்டும் அங்கேயே தங்கப் பழகியிருக்கிறது. வளைந்து முறுகிய உடலும் ஒரு முனையில் வால் போன்ற இழைகளும் கொண்ட இது, இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குள் துளைத்துக்கொண்டு போய் ஒதுங்கிக்கொள்ளும். யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உண்டாக்கி, உடலில் இயல்பாக இருக்கும் யூரியாவை அமோனியாவாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் உடைக்கும். அந்த அமோனியா சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது. இந்த யூரியேஸைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான இரண்டு பரிசோதனைகள் இதைப் பிடித்துத்தான் நடக்கின்றன.

கிருமி ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே. எச்சில், வாந்தி, மலம் ஆகியவற்றின் வழியாகத் தாயிடமிருந்தோ கூடப்பிறந்தவர்களிடமிருந்தோ வருகிறது. ஒரே அறையில் பலர் படுக்கும் வீடு, கழிப்பறை வசதிக் குறைவு, சுத்தமில்லாத தண்ணீர் இவையெல்லாம் பரவலைக் கூட்டும். ஒருமுறை குடியேறிவிட்டால் மருந்தில்லாமல் பெரும்பாலும் போகாது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள்.

இவ்வளவு பேரிடம் இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரைப்பைச் சுவரில் லேசான அழற்சியோடு சரி. ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் தெரியாது. கிருமி உள்ள பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் வரும். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தக் கிருமியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கிருமி இவ்வளவு பரவியிருக்கும் இந்தியாவில், மொத்தமாகப் பார்த்தால் இரைப்பைப் புற்றுநோய் குறைவுதான். மருத்துவர்கள் இதை 'இந்தியப் புதிர்' என்கிறார்கள். மிசோரம் இதற்குப் பெரிய விதிவிலக்கு. சென்னையிலும் வட இந்திய நகரங்களைவிட இந்தப் புற்றுநோய் கூடுதல்.

காரமா, பட்டினியா, கிருமியா?

கிருமி அடையாளம் காணப்படுவதற்கு வெகு முன்பே தென்னிந்தியா அல்சருக்குப் பேர்போனது. ஏலமலை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதே சமஸ்தானத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மலையேறி அவர். முன்சிறுகுடல் புண்ணோடு வந்தவர்கள் அங்கே ஏராளம். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவையை அவர் பெரும் எண்ணிக்கையில் செய்தார். அதே காலத்தில் குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. கோதுமை ரொட்டியும் பாலுமாகச் சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளுக்கு வரவில்லை. பின்னாளில் மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவரும், அரிசி உண்ணும் தெற்கில் இந்தப் புண் கூடுதல், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று எடுத்துக்காட்டினார்.

பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வேறொரு செய்தி வந்தது. நோய்க்குறியியல் நிபுணர் ராபின் வாரன், இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. 1982இல் ஈஸ்டர் விடுமுறை காரணமாக வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே கிடந்தன. கிருமி மெதுவாக வளரும் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றே அன்று மருத்துவ உலகம் நம்பியது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. எண்டோஸ்கோப்பியில் எடுத்த அவரது திசுவில் அழற்சியும் கிருமியும் இருந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் காரமும் பட்டினியும் ஒன்றும் செய்யாதா? காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் புண்ணை எரியவைக்கலாம். நேரந்தவறிச் சாப்பிடுவதும் அப்படியே. வலி எப்போது தெரியும் என்பதை மாற்றுமே தவிர, கிருமியைக் கொண்டுவராது. ஆனாலும் கிருமி மட்டுமே முழுக் கதை என்று சொல்லிவிட முடியாது. வடக்கிலும் தெற்கிலும் கிருமி ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது புண் மட்டும் தெற்கில் ஏன் கூடுதல் என்று டோவி கடைசிவரை கேட்டுவந்தார். நியாயமான கேள்வி. உணவு, புகை, கிருமியின் வகை, உடம்பின் வாகு எல்லாம் சேர்ந்துதான் யாருக்குப் புண் வரும் என்பதை முடிவு செய்கின்றன. வந்த புண் ஆறிய பிறகு மீண்டும் வருமா என்பது பெரிதும் கிருமி போயிற்றா என்பதைப் பொறுத்தது. அமிலம் குறைக்கும் மாத்திரையால் மட்டும் ஆற்றிய புண், அதை நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்பிவிடும். கிருமியை ஒழித்தால் மிகச் சிலருக்கே திரும்பும். மணத்தக்காளிக் கீரை வயிற்றுக்கு இதமான உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். கிருமிக்கு மருந்தாக அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

மேல்வலி மாத்திரை

ஏலச்செடியில் காய் பிடிப்பது அடியில், தரையோடு படரும் சரங்களில். எடுக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தும் குத்துக்காலிட்டும் சரிவில் நகர வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள். இடுப்பு, முட்டி, தோள் என்று வலிக்காத இடமில்லை. சாயங்காலம் இறங்கும்போது ஒரு வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரைப்பைச் சுவரின் காப்பைக் குறைத்துத் தாமாகவே புண் உண்டாக்கக் கூடியவை. கிருமியும் சேர்ந்துகொண்டால் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும்.

அதனால் வயிற்று வலியோடு வருகிறவரிடம் நல்ல மருத்துவர் முதலில் கேட்பது வயிற்றைப் பற்றியே இருக்காது. "ஏம்மா, மேல்வலிக்கு மாத்திரை போடுறீங்களா? வாரத்துல எத்தனை நாளு? பேரு தெரியலன்னா அட்டையக் கொண்டாங்க" என்பார். "இதுக்கு முன்னாடி கேஸ் மாத்திரை சாப்பிட்டீங்களா, கடைசியா எப்போ?" என்பது அடுத்த கேள்வி. எடை குறைந்திருக்கிறதா, மலம் கறுத்துப் போகிறதா, வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்ததா, பீடி உண்டா, வெற்றிலையோடு புகையிலை உண்டா என்று கேள்விகள் நீளும். வாங்கிய மாத்திரை அட்டைகளைத் தூக்கிப்போடாமல் கையோடு கொண்டுபோவது நோயாளி செய்யக்கூடிய பெரிய உதவி. வலிக்கு மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காது. அதையும் அளவோடு, மருத்துவரைக் கேட்டுப் போட வேண்டும்.

தோட்ட வேலையில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு கால் வழியே ஏறி, மேல்வயிற்று வலியையும் இரத்தசோகையையும் தரலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் சோகை தீராத பெண்ணுக்குப் புழுவையும் பார்க்க வேண்டும், பைலோரியையும் பார்க்க வேண்டும். இந்தக் கிருமிக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு மலம் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்புத் துகளோ வந்தாலும் அப்படித்தான். திடீரென்று தாங்க முடியாத வலி எழுந்து, வயிறு பலகைபோல் இறுகிவிட்டால் புண் ஓட்டை விழுந்திருக்கலாம். இவற்றுக்கு மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். இரத்தக்கசிவை எண்டோஸ்கோப்பி வழியாகவே நிறுத்தும் வசதி தேவைப்படலாம் என்பதால், தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போவது நல்லது.

காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, வாந்தி நிற்காமல் இருப்பது, நடுவயது தாண்டியபின் புதிதாக அஜீரணம் தொடங்குவது ஆகியவற்றுக்கு உடனே எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். கிருமிப் பரிசோதனை மட்டும் போதாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்து, வியர்த்து, இடது கை, தாடை என்று வலி பரவினால் அதைக் கேஸ் என்று நினைத்து சோடா குடித்து உட்காரக் கூடாது. முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். 'வாயுப்பிடிப்பு' என்று வீட்டிலேயே விட்டதில் போன உயிர்கள் உண்டு.

எந்தப் பரிசோதனை, எப்போது?

கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எண்டோஸ்கோப்பி இல்லாமல் இரண்டு வழியும், எண்டோஸ்கோப்பியோடு இரண்டு வழியும் நடைமுறையில் உள்ளன.

மூச்சுப் பரிசோதனை: வெறும் வயிற்றில் போக வேண்டும். அடையாளம் இடப்பட்ட கார்பன் உள்ள யூரியாவை மாத்திரையாகவோ கரைசலாகவோ கொடுப்பார்கள். இரைப்பையில் பைலோரி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைக்கும். அந்தக் கார்பன், கார்பன் டை ஆக்ஸைடாகி இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். சில நிமிடம் கழித்து ஊதச் சொல்லி அதை அளப்பார்கள். கார்பன் 13, கார்பன் 14 என்று இரண்டு வகை உண்டு. கார்பன் 14க்கு மிகச் சிறிதளவு கதிரியக்கம் உண்டு என்பதால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தவிர்ப்பார்கள். கார்பன் 13க்கு அந்தக் கவலை இல்லை.

மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனை: கொஞ்சம் மலம் கொடுத்தால் போதும். எண்டோஸ்கோப்பியும் வேண்டாம், ஊதும் கருவியும் வேண்டாம். தோட்ட லயங்களில் குடியிருக்கும் தொழிலாளியின் மாதிரியைக் கீழே லேபுக்கு அனுப்புவதும் எளிது.

திசு யூரியேஸ் பரிசோதனை: எண்டோஸ்கோப்பி செய்யும்போதே இரைப்பையிலிருந்து அரிசி முனையளவு திசு எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் ஊடகத்தில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது அமோனியாவால் சிவப்பேறிவிடும். மலிவானது, பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரியும். புண்ணில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் தவறாக 'இல்லை' என்று காட்ட வாய்ப்பு உண்டு.

நுண்ணோக்கிப் பரிசோதனை: பயாப்சி எடுத்த திசுவை நோய்க்குறியியல் நிபுணர் பார்ப்பது. கிருமியோடு அழற்சியின் அளவும், புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய மாற்றங்களும் தெரியும். இரைப்பைக்குள்ளேயே புண் இருந்தால் இது கட்டாயம். அப்படிப்பட்ட புண் ஆறியதா என்று சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதும் வழக்கம். முன்சிறுகுடல் புண்ணில் புற்றுநோய் மிக அரிது என்பதால் அங்கே இவ்வளவு தேவைப்படாது.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, பணத்தை வீணாக்குவது. இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் பரிசோதனை அது. கிருமி எப்போதோ இருந்திருந்தாலும், மருந்தில் ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அது 'உண்டு' என்றே சொல்லும். இப்போது கிருமி இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

முதல் நான்கில் எந்தப் பரிசோதனையானாலும் மருந்து நிறுத்தும் கணக்கு ஒன்றுதான். கேஸ் மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். அமிலம் குறையும்போது கிருமியின் எண்ணிக்கையும் யூரியேஸின் வேலையும் சுருங்கிவிடுகின்றன. வழக்கமாகத் திசு எடுக்கும் இரைப்பையின் கீழ்ப்பகுதியை விட்டுக் கிருமி மேல்பகுதிக்கும் நகர்ந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் எரிச்சல் தாங்கவில்லை என்றால், சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் அமிலமுறிவு ஜெல்லை மருத்துவர் அனுமதிப்பார். கறுப்பு மலம், எடைக்குறைவு போன்ற அறிகுறி இருப்பவர் மட்டும் இந்தக் கணக்கைப் பார்த்து எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். புண் உள்ளவர்கள், முன்பு புண் வந்தவர்கள், விடாத அஜீரணம் உள்ளவர்கள், நீண்டகாலம் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட வேண்டியவர்கள், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் என்றால் பார்க்க வேண்டும். பாதிப் பேரிடம் இருக்கும் கிருமியைத் தொந்தரவே இல்லாத ஊர் முழுக்கத் தேடிப்போய் ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஆதாயத்தைவிடச் சேதம் அதிகமாகலாம்.

14 நாள் மருந்து

கிருமி உறுதியானால் சிகிச்சை கூட்டு மருந்துதான். சளிப்படலத்தின் ஆழத்தில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒற்றை ஆன்டிபயாடிக்கால் ஒழிக்க முடிவதில்லை. பழைய முறை மூன்று மருந்துகள் கொண்டது: அமிலம் குறைக்கும் மாத்திரை, அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். மற்றொன்று நான்கு மருந்து முறை: அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். கேஸ் மாத்திரைக்கு உண்மையான வேலை இங்கேதான். அமிலம் தணிந்த இரைப்பையில் ஆன்டிபயாடிக் நன்றாக வேலை செய்யும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நான்கு மருந்து முறையே பொருந்தும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 14 நாள் பிஸ்மத் கூட்டு மருந்தையே முதல் தேர்வாக வைக்கிறது. இந்தியச் சூழலுக்கென்று இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் புவனேஸ்வர் அறிக்கை 2021இல் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 7 நாளே போதும் என்றிருந்தார்கள்; இன்று 14 நாள்.

மருந்து தோற்பதற்கு முதல் காரணம் கிருமியின் எதிர்ப்புத்திறன். ஏலத்தோட்டத்தில் ஒரே பூச்சிமருந்தை அரைகுறை அளவில் திரும்பத் திரும்ப அடித்தால் இலைப்பேன் அந்த மருந்துக்கு அடங்காமல் போவது விவசாயிக்குத் தெரியும். வயிற்றிலும் அதுவேதான் நடக்கிறது. வயிற்றுப்போக்கு என்றாலே மெட்ரோனிடசோல் வாங்கிப் போடும் பழக்கத்தால், பல இந்திய ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்ட பைலோரி வகைகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன. சளி, இருமலுக்கெல்லாம் கிளாரித்ரோமைசின் வகையையும் லீவோஃப்ளாக்சசினையும் எடுத்ததன் விளைவும் இதுவே. அதனால் இதற்கு முன் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பது மருத்துவருக்கு முக்கியமான தகவல். ஒருமுறை தோற்ற கூட்டை மறுமுறை அப்படியே கொடுப்பதில்லை. கடைசிக் கட்டத்தில் சில நாடுகளில் ரிஃபாபுடின் என்ற மருந்தைத் தருகிறார்கள். காசநோய் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதில் மிகுந்த கவனம் தேவை.

இரண்டாவது காரணம், பாதியில் நிறுத்துவது. நாலாம் நாளே எரிச்சல் அடங்கிவிடும். வாய் கசக்கும், குமட்டும், வயிறு இளகும். 'சரியாப் போச்சு' என்று மீதி மாத்திரையை ஒதுக்கிவைப்பவர்கள் நிறைய. தொடங்கும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் 14 நாளைக் கடப்பது எளிது:

பிஸ்மத் சாப்பிடும் நாட்களில் நாக்கும் மலமும் கறுக்கும். மருந்து நின்றதும் சரியாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும். தலைசுற்றல், தார் போன்ற பிசுபிசுப்பு, கெட்ட வாடை சேர்ந்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

டெட்ராசைக்ளினைப் பாலோடும் பால் டீயோடும் விழுங்கக் கூடாது. பாலின் கால்சியம் மருந்தை உடம்பில் ஏறவிடாது. இரும்புச்சத்து மாத்திரையோடும் அமிலமுறிவு ஜெல்லோடும் சேர்த்தும் விழுங்கக் கூடாது, இடைவெளி வேண்டும். விடியலில் டீ குடித்துவிட்டு ஜீப் ஏறுகிறவர் மாத்திரையைத் தண்ணீரோடு எப்போது போடலாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு நேரம் குறித்துக்கொள்வது நல்லது.

மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடித்த பின் இரண்டு மூன்று நாளும் மதுவைத் தொடக் கூடாது. கிளாரித்ரோமைசின் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் கூடாது. கர்ப்ப காலத்தில் கிருமி சிகிச்சையைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தள்ளிவைப்பார்கள்.

அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். மற்றபடி மாத்திரை ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பயந்து மொத்தத்தையும் கைவிட வேண்டாம், கேட்டுத் தொடரலாம்.

புண் இல்லாமல் வெறும் அஜீரணத்துக்காகக் கிருமியை ஒழித்தவர்கள் ஒன்றை எதிர்பார்த்து வைத்திருக்க வேண்டும். அவர்களில் சிலருக்குத்தான் தொந்தரவு முழுக்கத் தீரும். மற்றவர்களுக்கு உணவு நேரம், புகையிலை, தூக்கம், மனக்கவலை என்று வேறு காரணங்களையும் தேட வேண்டியிருக்கும். அதற்காகச் சிகிச்சை வீண் என்று ஆகாது. பின்னால் புண் வரும் வாய்ப்பு குறைந்திருக்கும்.

வயிற்றுப்போக்கு வேறு

'வயித்துல கிருமி' என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு நோய்கள் கலந்துவிடுகின்றன. திடீரென்று வரும் வாந்தி, பேதி, காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் குடலைத் தாக்கும் கிருமிகளால் வருவன. அங்கே முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். பலருக்கும் ஆன்டிபயாடிக் தேவையே இருக்காது. நாள்பட்ட மேல்வயிற்று எரிச்சல் இன்னொரு நோய். முன்னதற்குத் தேவையில்லாமல் போட்ட மெட்ரோனிடசோல்தான் பின்னதற்கு மருந்து கேட்காமல் செய்கிறது.

போயிற்றா என்று பார்ப்பது

சிகிச்சையில் அதிகம் விட்டுப்போவது கடைசிப் படி. மாத்திரை முடிந்தது, எரிச்சல் இல்லை, ஆகவே கிருமி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். எரிச்சல் நின்றதை வைத்து அதைச் சொல்ல முடியாது. கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரையிலிருந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கேஸ் மாத்திரை நிறுத்தி 2 வாரமானபின், மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால்தான் தெரியும். புண்ணில் இரத்தம் கசிந்து ஒருமுறை மருத்துவமனை போய் வந்தவர் இதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. 'இல்லை' என்று உறுதியானால் பெரியவர்களுக்கு மறுபடி தொற்றுவது அரிது. குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டாமல் இருப்பது, கழிப்பறைக்குப் பின்னும் சமையலுக்கு முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது ஆகியவை வீட்டில் அடுத்த தலைமுறைக்கு இது போகாமல் காக்கும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். என் வயிற்றில் கிருமி இருப்பதை எந்தப் பரிசோதனை காட்டியது? அதற்கு முன் கேஸ் மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தியிருந்தேன்? இந்த மருந்து எத்தனை நாள்? முடித்தபின் கிருமி போனதை எந்தத் தேதியில் பார்ப்பது? நான்காவதற்கு ஒரு தேதியை வாங்கிச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அன்று ஒரு நாள் கூலி போகும். வருஷம் முழுக்க அட்டை அட்டையாக வாங்கும் மாத்திரைக் காசோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவுதான்.